சினாப்ஸ் ஆய்வில் பிடிஎன்எஃப்பும் சவ்வுக் கொழுப்பும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

"பிடிஎன்எஃப் கூடியிருக்கிறது, ஆகவே சினாப்ஸ் வலுப்பட்டிருக்கிறது" என்று எழுதும் முன், எந்த பிடிஎன்எஃப் என்று பாருங்கள். சினாப்ஸ் என்பது நரம்புச் செல்கள் ஒன்றோடொன்று செய்தி கடத்தும் சந்திப்பு; பிடிஎன்எஃப் (BDNF) நரம்புச் செல்களைப் பேணும் புரதம். இந்த வளர்ச்சிக் காரணி சுமார் 32 கிலோடால்டன் முன்வடிவமாகப் பிறந்து, வெட்டுப்பட்டு 14 கிலோடால்டன் முதிர்வடிவமாகிறது. முதிர்ந்தது டிஆர்கே-பி ஏற்பியைப் பிடித்து சினாப்ஸை வலுப்படுத்தும். முன்வடிவமோ பி75 ஏற்பி வழியாக அதைத் தளர்த்தும். சில எலைசா கிட்களுக்கு (எதிர்ப்பொருளால் புரத அளவைக் காணும் சோதனைப் பெட்டிகள்) இரண்டும் ஒன்றுதான். புரதங்களை எடைவாரியாகப் பிரித்துக்காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டில் இரு பட்டைகளையும் தனித்தனியாக அளந்தால்தான் எது கூடியது என்று சொல்ல முடியும்.

சீரம் (இரத்தம் உறைந்தபின் பிரியும் நீர்மம்) அளவையும் பிளாஸ்மா (உறையவிடாமல் பிரித்த நீர்மம்) அளவையும் ஒப்பிடவே கூடாது. இரத்தத்தட்டுகள் பிடிஎன்எஃப்பைச் சேமித்து வைத்து, இரத்தம் உறையும்போது வெளிவிடுகின்றன. ஒரு குழாயை 30 நிமிடம், இன்னொன்றை 1 மணி நேரம் உறையவிட்டால் அந்த வேறுபாடு மூளையின் கதையல்ல, குழாயின் கதை.

பிடிஎன்எஃப்பைத் திசுவில் கரைசலாகச் சேர்க்கும்போதும் கவனம் வேண்டும். நேர்மின்னேற்றம் கொண்ட இந்தப் புரதம் கண்ணாடியிலும் குழாய்ச் சுவரிலும் ஒட்டிக்கொள்ளும். 0.1% பிஎஸ்ஏ (மாட்டு ஆல்புமின் புரதம்) சேர்க்காவிட்டால் திசுவுக்குப் போய்ச்சேரும் அளவு நீங்கள் எழுதிவைத்ததைவிடக் குறைவு.

அதிகம் சறுக்குவது கொலஸ்ட்ராலில்தான். சவ்விலிருந்து கொலஸ்ட்ராலை உருவும் மெத்தில்-பீட்டா-சைக்ளோடெக்ஸ்ட்ரின் ஊற்றினோம், எல்டிபி (சினாப்ஸ் நெடுநேரம் வலுப்பட்டிருப்பது) குறைந்தது, ஆகவே லிப்பிட் ராஃப்ட் (சவ்வில் கொலஸ்ட்ரால் செறிந்த திட்டு) சிதைந்து டிஆர்கே-பி முடங்கிவிட்டது என்ற முடிவு மிக அவசரமானது. அந்த மருந்து சவ்வின் இன்னொரு கொழுப்பான பாஸ்போலிப்பிடையும் உருவும். கொலஸ்ட்ரால் குறைந்தாலே தன்னிச்சையான நரம்புக்கடத்தி வெளியீடு கூடி, தூண்டலுக்கு வரும் வெளியீடு குறையும். அதாவது எல்டிபியைத் தூண்டும் முன்பே அடிப்படைக் கடத்தல் மாறியிருக்கும். அதை முதலில் பதிவு செய்யுங்கள். கொலஸ்ட்ரால் ஏற்றிய சைக்ளோடெக்ஸ்ட்ரினைக் கொடுத்து விளைவு மீள்கிறதா என்று பாருங்கள். கொலஸ்ட்ராலை அவ்வளவாக உருவாத ஆல்ஃபா-சைக்ளோடெக்ஸ்ட்ரினையும் ஒப்பீட்டுக்கு வையுங்கள். சவ்வில் எவ்வளவு கொலஸ்ட்ரால் மிஞ்சியது என்று அளப்பதையும் விடாதீர்கள். சீரம் உள்ள ஊடகத்தில் இதைச் செய்தால் மருந்து சீரத்தின் கொலஸ்ட்ராலையே பிடித்துக்கொள்ளும்.

4 டிகிரியில் ட்ரைட்டான் என்ற சோப்பில் கரையாமல் மிதக்கும் அடுக்கை ராஃப்ட் என்றே எழுதுவதும் தவறு. குளிரும் சோப்பும் சேர்ந்து உருவாக்கிய துண்டு அது. உயிருள்ள செல்லில் அப்படியே இருந்தது என்பதற்கு அது சான்றாகாது.

கொழுப்பு அமிலங்களை அளப்பவர்களுக்கு நேரமே பகை. இரத்த ஓட்டம் நின்ற சில நிமிடங்களுக்குள் மூளையில் கட்டற்ற அராக்கிடோனிக் அமிலம் மளமளவென ஏறும். திசுவை உடனே உறைய வையுங்கள். 6 இரட்டைப் பிணைப்புகள் கொண்ட டிஹெச்ஏ (DHA) என்ற கொழுப்பு அமிலம் காற்றுபட்டாலே கெடும் என்பதால் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பிஹெச்டி (BHT) சேர்த்து, ஆர்கான் நிரப்பி, மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். குளோரோஃபாமில் பிரித்தெடுத்த கொழுப்புச் சாற்றுக்குக் கண்ணாடிக் குப்பியும் டெஃப்லான் மூடியும்தான். பிளாஸ்டிக்கிலிருந்து கரைந்துவரும் பொருள்கள் மாஸ் ஸ்பெக்ட்ரத்தில் தேவையற்ற உச்சங்களாக வந்து நிற்கும்.