ஃபேமிலி மெடிசின் ரெசிடென்சி: ஜூலையில் சேரப் போகிறவர்களுக்கு

அமெரிக்காவில் யாருக்கு எந்த ஆஸ்பத்திரியில் ரெசிடென்சி, அதாவது மேல்பயிற்சி, என்று சொல்லும் மேட்ச் முடிவு மார்ச்சில் வந்ததிலிருந்து ஜூன் வரை ஜூனியர்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "அக்கா, சேர்றதுக்கு முன்னாடி என்ன படிக்கணும்?" ஒன்றும் படிக்க வேண்டாம். நன்றாகத் தூங்குங்கள். கார் ஓட்டத் தெரியாதவர்கள் அதைக் கற்றுக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் ஃபேமிலி மெடிசின் புரோகிராம்கள் நிறைய சின்ன ஊர்களில்தான் இருக்கின்றன. ராத்திரி பிரசவக் கேஸுக்குக் கூப்பிட்டால் அங்கே பஸ் கிடைக்காது.

நான் மதுரையில் எம்பிபிஎஸ் முடித்தவள். அமெரிக்காவின் மத்திய மேற்கில் ஒரு சின்ன நகரத்தில் ரெசிடென்சி செய்தேன். இப்போது வேறொரு புரோகிராமில் பிரிசெப்டர். அதாவது ரெசிடென்ட் நோயாளியைப் பார்த்துவிட்டு வந்து கேஸ் சொல்லும்போது எதிரே உட்கார்ந்து கேட்கிற ஆள். கீழே சொல்வதெல்லாம் அந்த இரண்டு நாற்காலியிலும் உட்கார்ந்து பார்த்தது.

கிளினிக்கை ஓபி என்று நினைக்காதீர்கள்

ஹவுஸ் சர்ஜன் காலத்தில் ஓபி என்றால் நமக்கு வாசல்வரை வரிசை, ஆளுக்கு இரண்டு நிமிஷம், ஒரு சீட்டு. அதே நினைப்போடு இங்கே வருகிறவர்கள் வார்டில் வெளுத்து வாங்குவார்கள். கிளினிக் நாள் வந்தால் முகம் தொங்கிவிடும். ஆனால் மூன்று வருஷமும் உங்களோடு தொடர்ந்து வருவது கிளினிக் மட்டும்தான். மற்றதெல்லாம் மாதத்துக்கு ஒன்றாக மாறுகிற ரொட்டேஷன். முன்பு 1650 விசிட் பார்த்திருக்க வேண்டும் என்று கணக்கு இருந்தது. 2023 ஜூலையில் வந்த விதிகளில் அது கிளினிக்கில் 1000 மணி நேரம் என்று மாறியது. எண்ணிக்கையை ஓட்டுவதைவிட உங்கள் பேனலில், அதாவது உங்கள் பொறுப்பில், இருக்கிற நோயாளிகள் உங்களையே திரும்பப் பார்ப்பதுதான் முக்கியம் என்பதை இப்போது விதியே ஒப்புக்கொள்கிறது.

முந்தின நாள் இரவே மறுநாள் பட்டியலைத் திறந்து பாருங்கள். கால் மணி நேரம் போதும். யாருக்கு ஏ1சி (மூன்று மாத சராசரி சர்க்கரை) பாக்கி, யாருக்கு 45 வயது தாண்டியும் பெருங்குடல் பரிசோதனை ஆகவில்லை, எந்தக் குழந்தைக்கு ஆறு மாதத் தடுப்பூசி. காலையில் ஹடில் என்கிற குட்டிக் கூட்டம் நடக்கும்போது உங்கள் எம்ஏவிடம் இதைச் சொல்லிவிடுங்கள். மெடிக்கல் அசிஸ்டென்ட்டைத்தான் எல்லோரும் எம்ஏ என்பார்கள். அவரிடம் நல்ல பெயர் வாங்காத இன்டர்ன் (முதல் வருஷ ரெசிடென்ட்) பாடு திண்டாட்டம்தான். ஒரு சின்ன வேலை சொல்லிவையுங்கள்: சர்க்கரை நோயாளியை அறையில் உட்கார வைக்கும்போதே ஷூவையும் சாக்ஸையும் கழற்றச் சொல்ல வேண்டும். நீங்கள் உள்ளே போகும்போது கால் வெறுங்காலாக இருந்தால் பார்க்காமல் வர முடியாது. ஷூ மாட்டியிருந்தால் பத்தில் ஒன்பது தடவை "அடுத்த விசிட்டில் பார்க்கலாம்" என்றாகிவிடும்.

அடுத்தது, மாத்திரை. "எல்லா மாத்திரையும் ஒழுங்காச் சாப்பிடறீங்களா?" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். வீட்டிலிருக்கிற டப்பாக்களை ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்லி, "இதுல எதை விட்டு விட்டுச் சாப்பிடறீங்க?" என்று கேளுங்கள். ஓய்வு பெற்ற டிரக் டிரைவர் ஒருவரிடம் அப்படிக் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு இன்சுலின் பேனாவை எடுத்து மேஜையில் வைத்தார். மாதக் கடைசிவரை வர வேண்டுமே என்று பாதி யூனிட்தான் போட்டுக்கொண்டிருந்தாராம். அன்றைக்கு நான் டோஸை ஏற்றத் தயாராகப் போயிருந்தேன். எந்த மருந்து யாருடைய காப்பீட்டில் எவ்வளவு, எது வால்மார்ட்டின் நான்கு டாலர் பட்டியலில் இருக்கிறது என்பதெல்லாம் பார்மகாலஜி புத்தகத்தில் இருக்காது. கிளினிக் பார்மசிஸ்டோடு காபி குடித்தால் தெரியும்.

இருபது நிமிஷ விசிட்டில் ஏழு புகார் வரும். ஆரம்பத்திலேயே "வேற ஏதாவது?" என்று அவர் இல்லை என்கிற வரை கேட்டுவிடுங்கள். பிறகு அவர் சொல்வதில் ஒன்று, உங்களுக்குப் பயமாக இருப்பதில் ஒன்று என்று இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதிக்கு மூன்று வாரத்தில் வரச் சொல்லுங்கள். இப்படிக் கேட்காமல் விட்டால், கதவுக் கைப்பிடியில் கை வைக்கும்போதுதான் நெஞ்சு வலியைப் பற்றிச் சொல்வார்.

பிரிசெப்டரிடம் கேஸ் சொல்லும்போது பரீட்சையில் சொல்கிற மாதிரி வயது, ஊர், தொழில் என்று ஆரம்பிக்காதீர்கள். முடிவை முதலில் சொல்லுங்கள்: "இவருக்கு பிபி மாத்திரை ஏற்ற நினைக்கிறேன், கிட்னி பற்றித்தான் சந்தேகம்." தப்பாக இருந்தாலும் பரவாயில்லை, திருத்தத்தான் நாங்கள் இருக்கிறோம். நீங்கள் சேர்ந்து ஆறு மாதம் முடிகிற வரை மெடிகேர் (முதியவர்களுக்கான அரசுக் காப்பீடு) விதிப்படி நாங்களும் உள்ளே வந்து நோயாளியைப் பார்த்தாக வேண்டும். அதற்குப் பிறகு எளிய விசிட்டுகளை நீங்களே முடிக்கலாம். அந்த முதல் ஆறு மாதத்தை வீணாக்காமல், பிரிசெப்டர் நோயாளியிடம் எப்படிப் பேசுகிறார், எங்கே பேச்சை நிறுத்துகிறார் என்று பக்கத்தில் நின்று பாருங்கள்.

கம்ப்யூட்டரில் இருக்கிற இன்பாஸ்கெட்டைத் தினமும் காலி செய்யுங்கள். லேப் முடிவு, ரீஃபில், நோயாளி அனுப்பும் செய்தி எல்லாம் அங்கேதான் குவியும். நைட் ஃப்ளோட்டில் (ராத்திரி வேலை ரொட்டேஷனில்) இருந்தாலும் அது நிற்காது.

வார்டும் ராத்திரியும்

இதை நீங்கள் எப்படியும் கற்றுக்கொண்டுவிடுவீர்கள், அதனால் சுருக்கமாக. வாரத்துக்கு 80 மணி நேரம் என்ற வரம்பு நான்கு வார சராசரி. உள்ளதை உள்ளபடி எழுதுங்கள், பொய்க் கணக்கு யாருக்கும் உதவாது. சைன்-அவுட்டில், அதாவது அடுத்த ஷிப்ட்டுக்கு நோயாளிகளை ஒப்படைக்கும்போது, "நோயாளி ஸ்டேபிள்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். "ராத்திரி சோடியம் இதுக்குக் கீழே போனால் இதைச் செய், எனக்குப் போன் பண்ணு" என்று சொல்லுங்கள். சந்தேகம் வந்தால் சீனியரை எழுப்புங்கள். எழுப்பியதற்காகத் திட்டு வாங்கினால் அது ஐந்து நிமிஷத்தில் மறந்துபோகும்.

தேர்வு

ஸ்டெப் 3-ஐ, அதாவது அமெரிக்க உரிமத் தேர்வின் கடைசிக் கட்டத்தை, முதல் வருஷத்திலேயே முடித்துவிடுங்கள். இரண்டு நாள் தேர்வு. இரண்டாம் நாள் கம்ப்யூட்டரில் 13 கேஸ் வரும். பதில் தெரிந்திருந்தாலும் அந்த மென்பொருளில் ஆர்டர் போடப் பழகாவிட்டால் மார்க் போகும். அக்டோபர் கடைசியில் பயிற்சிக்கு நடுவே எழுதுகிற இன்-டிரெய்னிங் தேர்வு. அதன் மதிப்பெண் போர்டு தேர்வின் (ஸ்பெஷலிஸ்ட் சான்றிதழுக்கான தேர்வு) அளவுகோலிலேயே வருவதால் எங்கே நிற்கிறீர்கள் என்று தெரிந்துவிடும். போர்டில் தேற 380 வேண்டும். போர்டு வாங்கியதோடு வேலை முடிந்தது என்றும் இல்லை. 1969-இல் இந்தத் துறை அமெரிக்காவின் இருபதாவது ஸ்பெஷாலிட்டியாக வந்தபோதே, குறிப்பிட்ட வருஷத்துக்கு ஒரு முறை மறுபடியும் நிரூபிக்க வேண்டும் என்று விதி வைத்துத்தான் ஆரம்பித்தார்கள்.

சாதனை என்று எதை எழுதுவது

சிவி நிரம்ப வேண்டும் என்று ஐந்து புராஜெக்டில் பெயர் போட்டுக்கொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மூன்று வருஷம் கழித்து ஒன்றும் முடிந்திருக்காது. ஒன்றை எடுங்கள், உங்கள் கிளினிக்கிலேயே எடுங்கள். எத்தனை சர்க்கரை நோயாளிகளுக்கு இந்த வருஷம் கண் பரிசோதனை ஆனது என்று எண்ணி, ஒரு மாற்றம் செய்து, மறுபடி எண்ணுவதே நல்ல க்யூஐ (தர மேம்பாட்டு) புராஜெக்ட். எழுத ஆசை இருந்தால் எஃப்பிஐஎன் என்கிற ஃபேமிலி மருத்துவர் அமைப்பின் ஹெல்ப்டெஸ்க் பதில்கள் நல்ல ஆரம்பம்: ஒரு கேள்வி, சில ஆய்வுகள், சின்னக் கட்டுரை, கூடவே உதவ ஒரு சீனியர். தையல், மூட்டு ஊசி, பிரசவம், ஐயுடி (கருத்தடைச் சாதனம்) என்று செய்த ஒவ்வொன்றையும் அன்றைக்கே லாக்கில் (பதிவேட்டில்) ஏற்றுங்கள். வேலைக்குப் போகும் ஆஸ்பத்திரி அனுமதி தருவதற்கு முன் அந்த எண்ணிக்கையைத்தான் கேட்கும்.

விசா

ஜே-1 என்கிற பயிற்சி விசாவில் வருகிறவர்கள் முடித்ததும் இரண்டு வருஷம் ஊர் திரும்ப வேண்டும். இல்லையென்றால் மருத்துவர் குறைவாக உள்ள பகுதியில் மூன்று வருஷம் வேலை செய்ய ஒப்புக்கொண்டு வெய்வர் (அந்த நிபந்தனையிலிருந்து விலக்கு) வாங்க வேண்டும். இந்த வெய்வருக்கான கான்ராட் திட்டத்தில் மாநிலத்துக்கு வருஷம் 30 இடம்தான்; சில மாநிலங்களில் சீக்கிரமே தீர்ந்துவிடும். அதனால் மூன்றாம் வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காமல், இரண்டாம் வருஷ நடுவிலேயே வேலை தேட ஆரம்பியுங்கள். இந்த விஷயத்தில் நம் துறைக்கு மவுசு அதிகம், பயப்பட வேண்டாம்.

இன்னொன்று. தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில், ஊரிலிருந்து வந்திருக்கும் யாருடைய மாமியாருக்காவது பிபி மாத்திரை தீர்ந்திருக்கும். "நீதான் டாக்டராச்சேம்மா, ஒண்ணு எழுதிக் கொடேன்" என்பார்கள். எழுதாதீர்கள். உங்களுக்கு இருப்பது பயிற்சி உரிமம். மருத்துவத் தவறுக்கான காப்பீடும் புரோகிராம் வேலைக்கு மட்டும்தான். அர்ஜென்ட் கேர் (அப்பாயின்ட்மென்ட் இல்லாமல் போகிற கிளினிக்) எங்கே இருக்கிறது என்று காட்டுங்கள், வேண்டுமானால் கூடவே காரில் கூட்டிப்போங்கள்.

கிளம்பும்போது

மூன்றாம் வருஷக் கடைசியில் உங்கள் பேனலைப் பிரித்துக் கொடுப்பார்கள். ரொம்பச் சிக்கலானவர்களைப் புது இன்டர்ன் தலையில் கட்டாமல் இரண்டாம் வருஷ ரெசிடென்டுக்குக் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். ஒவ்வொருவருக்கும் இரண்டு வரி எழுதி வையுங்கள். நோய்ப் பட்டியல் சார்ட்டிலேயே இருக்கிறது, அதை எழுத வேண்டாம். "மனைவி கூட வந்தால்தான் உண்மையைச் சொல்வார்" போன்றதை எழுதுங்கள். ஜூலை முதல் வாரத்தில் மாத்திரை தீரப் போகிறவர்கள் யார் என்று பார்த்து ஜூனிலேயே ரீஃபில் போட்டுவிடுங்கள். அந்த வாரம் புது இன்டர்னுக்குக் கம்ப்யூட்டர் பாஸ்வேர்டே வேலை செய்திருக்காது.