வென்டிலேட்டரில் இருக்கும் பிள்ளைக்கு வலி மருந்து, மயக்க மருந்து: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒடுகத்தூர் பக்கம் தரையில் பாய் போட்டுப் படுத்த பிள்ளையைக் கட்டுவிரியன் கடித்து, விடிவதற்குள் மூச்சு திணறி, வேலூருக்குத் தூக்கி வந்து வென்டிலேட்டரில் போட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இமை தூக்கவில்லை, விரல் அசையவில்லை. "நல்லா தூங்குது, மருந்து எதுக்கு?" என்று யாராவது கேட்பார்கள். முதல் தவறு அதுதான். விஷம் கட்டிப்போட்டிருப்பது தசையை. நினைவு அப்படியே இருக்கலாம். நாம் பேசுவது கேட்கும், தொண்டைக்குழாய் உறுத்தும். வெக்குரோனியம் போட்ட பிள்ளைக்கும் இதே கதைதான். அது தசையைத் தளர்த்துமே தவிர, வலியையும் குறைக்காது, தூங்கவும் வைக்காது. முகம் எதையும் காட்டாது என்பதால், சளி உறிஞ்சும்போது நாடித்துடிப்பு சட்டென்று ஏறுகிறதா, இமையோரம் கண்ணீர் கசிகிறதா என்று பாருங்கள்.

அடுத்தது, வலிக்குத் தூக்க மருந்தைக் கொடுப்பது. மிடாசோலம் வலியைத் தொடாது. பிள்ளை நெளிகிறது என்று அதையே ஏற்றிக்கொண்டு போனால், வலி அப்படியே இருக்க, ரத்த அழுத்தம்தான் இறங்கும். முதலில் வலி மருந்தான ஃபென்டனில் அல்லது மார்ஃபின். அப்புறம் தேவைப்பட்டால் மிடாசோலம். கண்ணாடிவிரியன் கடியில் சிறுநீரகம் கெட்ட பிள்ளை என்றால் மார்ஃபினின் கழிவு உடம்பில் தேங்கும், ஃபென்டனில்தான் மேல்.

கணக்குதான் அதிகம் காலை வாரும். மிடாசோலத்தைப் பல இடங்களில் நிமிடத்துக்கு எழுதுவார்கள், ஃபென்டனிலை மணிக்கு. 10 கிலோ பிள்ளைக்கு, கிலோவுக்கு நிமிடத்துக்கு 1 மைக்ரோகிராம் மிடாசோலம் என்றால் மணிக்கு 0.6 மி.கி. ஃபென்டனிலையும் அதே பழக்கத்தில் நிமிடக் கணக்கில் போட்டுவிட்டால் 60 மடங்கு போகும். மைக்ரோகிராமைச் சுருக்கி எழுதி, அதை மி.கி. என்று படித்தால் 1000 மடங்கு. மிடாசோலம் மி.லி.க்கு 1 மி.கி.யாகவும் வரும், 5 மி.கி.யாகவும் வரும், குப்பியைக் கையில் எடுத்து, இரண்டு பேர் வாய்விட்டுப் படியுங்கள். எடையும் அப்படித்தான். அம்மா சொல்வது எப்போதோ அங்கன்வாடியில் போட்ட எடையாக இருக்கும். 9 கிலோ பிள்ளையை 12 என்று எழுதினால் எல்லா மருந்தும் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும்.

குழாயை எடுத்ததும் மருந்தையும் சட்டென்று நிறுத்துகிறோமே, அதுவும் தவறு. ஐந்து நாளுக்கு மேல் ஓடிய மருந்தைத் தினம் 10 முதல் 20 சதவீதம் வரை குறைத்துக்கொண்டு வர வேண்டும். இல்லையென்றால் நடுக்கம், வியர்வை, கொட்டாவி, பேதி, ராத்திரி முழுக்க அழுகை. எந்த மருந்து எத்தனை நாள் ஓடியது என்று மாற்றல் சீட்டில் எழுதாமல் விட்டால், வார்டில் இருக்கும் நர்ஸ் அதைக் காய்ச்சல் என்றோ அடம் என்றோதான் நினைப்பார்.