ஸ்பேஸ் இன்வேடர்ஸ்: 23-ஆவது குண்டில் 300 புள்ளி எடுக்கும் கணக்கு

ஸ்பேஸ் இன்வேடர்ஸ் ஒரு பழைய வீடியோ கேம்: கீழே உள்ள பீரங்கியால், மேலிருந்து படையாக இறங்கிவரும் ஏலியன்களைச் சுட வேண்டும். திரையின் உச்சியில் அவ்வப்போது ஒரு பறக்கும் தட்டு குறுக்கே போகும். அதை அடித்தால் எத்தனை புள்ளி என்ற இடத்தில் ஆட்டம் ஒரு கேள்விக்குறியைத்தான் காட்டும். 50, 100, 150, 300 எது வேண்டுமானாலும் வரலாம், எல்லாம் அதிர்ஷ்டம் என்று நினைக்கத் தோன்றும். அதிர்ஷ்டம் இல்லை. நீங்கள் சுட்ட குண்டுகளின் எண்ணிக்கைதான் புள்ளியைத் தீர்மானிக்கிறது.

முதலில் சரியான ஆட்டம்தானா என்று பாருங்கள். ஜப்பானின் டைட்டோ நிறுவனத்துக்காக டொமோஹிரோ நிஷிகாடோ வடிவமைத்து 1978-இல் வந்த மூலத்தில் 5 வரிசை, வரிசைக்கு 11 என 55 ஏலியன்கள், கீழே பீரங்கிக்கு மறைவாக 4 அரண்கள். 1980-இல் வந்த அட்டாரி 2600 பதிப்பில் 36 ஏலியன்கள், 3 அரண்கள். அங்கே இந்தக் கணக்கு செல்லாது. எண்ணிக்கை சரியாக இருந்தாலும் போலிகள் உண்டு. அவற்றைக் கண்டுபிடிக்கப் படையின் நடையைப் பாருங்கள். மூலத்தில் ஏலியன்கள் ஒன்றன்பின் ஒன்றாக, அலை ஓடுவது போல நகரும். மொத்தப் படையும் ஒரே சமயத்தில் குதித்தால் அது யாரோ பிறகு எழுதியது.

அந்த அலைக்குக் காரணம் உண்டு. உள்ளே இருப்பது 2 மெகாஹெர்ட்ஸ் இன்டெல் 8080 சிப். திரை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும், அதாவது 60 ஃபிரேம்; ஒரு ஃபிரேமுக்கு ஒரே ஒரு ஏலியனைத்தான் நிரல் நகர்த்தும். 55-ம் உயிரோடு இருந்தால் படை ஓர் அடி வைக்க 55 ஃபிரேம், ஏறக்குறைய ஒரு நொடி. 10 மட்டும் மிஞ்சினால் நொடிக்கு 6 அடி. ஆட்கள் குறைந்ததும் சிப் வேகமெடுக்கிறது என்று பலர் எழுதுகிறார்கள். சிப்பின் வேகம் மாறுவதே இல்லை, வரிசையில் காத்திருப்பவர்கள்தான் குறைகிறார்கள். நிஷிகாடோ இதைக் கவனித்தும் திருத்தாமல் விட்டார். நல்லவேளை.

இனி எண்ணிக்கை. ஒவ்வொரு சுற்றிலும் 23-ஆவது குண்டு தட்டில் பட்டால் 300. அதன் பிறகு ஒவ்வொரு 15-ஆவது குண்டுக்கும் 300: அதாவது 38, 53, 68. தட்டுக்கான மதிப்புகள் 16 இடங்கள் கொண்ட பட்டியலாக நிரலில் இருக்கின்றன. ஆனால் ஒரு பிழையால் 15-ஆவது இடம் முடிந்ததுமே நிரல் முதலுக்குத் திரும்பிவிடுகிறது. அதனால்தான் 15.

எண்ணும்போது பட்டது, படாதது, அரணில் மோதியது எல்லாம் கணக்கில் சேரும். பெரும்பாலோர் தவறுவது இங்கேதான்: ஏலியனைக் கொன்ற குண்டுகளை மட்டும் எண்ணிக்கொண்டு போவார்கள். 22 வரை வாய்விட்டு எண்ணுங்கள். பிறகு சுடும் பொத்தானிலிருந்து கையை எடுத்துவிட்டு, ஏலியன்களின் குண்டுகளுக்குத் தப்பியபடி தட்டுக்காகக் காத்திருங்கள். அது ஏறத்தாழ 25 நொடிக்கு ஒருமுறை வரும். 20-இல் இருக்கும்போதே தட்டு வந்துவிட்டதா? தலைக்கு மேல் உள்ள அரணிலேயே இரண்டு குண்டைச் சுட்டு வீணாக்குங்கள். திரையில் உங்கள் குண்டு ஒரு சமயத்தில் ஒன்றுதான் இருக்க முடியும். வெட்டவெளியில் தவறவிட்டால் அது உச்சிக்குப் போய் வெடிக்கும்வரை அடுத்ததைச் சுட முடியாது. அரணில் பட்டால் உடனே தீர்ந்துவிடும். எண்ணிக்கை 23-ஐத் தாண்டிவிட்டால் கவலை வேண்டாம், குறி 38-க்கு மாறிவிட்டது, அவ்வளவுதான். குண்டு மேலே போய்ச்சேர முக்கால் நொடி ஆகும் என்பதால் தட்டுக்குச் சற்று முன்னால் குறி வையுங்கள்.

ஏலியன்கள் 8-க்குக் கீழே போனால் தட்டு வரவே வராது. ஆகவே 300 வேண்டுமானால் படையை அவசரப்பட்டுக் காலி செய்யக் கூடாது. ஓரத்து நெடுவரிசைகளை முதலில் தீர்ப்பது நல்லது. ஏலியன்களுக்கு இடையே உள்ள தூரம் 16 பிக்சல், ஓர் அடி 2 பிக்சல்; ஒரு நெடுவரிசை போனால் படை சுவரைத் தொடுவதற்கு முன் 8 அடி கூடுதலாக நடக்க வேண்டும். சுவரைத் தொடும் ஒவ்வொரு முறையும் அது 8 பிக்சல் கீழே இறங்குகிறது என்பதால் இந்தத் தாமதம் பொன்னானது.

துணிச்சல் இருந்தால் ஜப்பானில் நகோயா அடி என்று பெயர் பெற்ற முறையை முயலலாம். படையை வேண்டுமென்றே கடைசிப் படி வரை, உங்கள் பீரங்கிக்கு நேர் மேலே வரும்வரை இறங்க விடுங்கள். ஏலியனின் குண்டு அதன் உடலுக்குக் கீழே பிறப்பதால், அவ்வளவு நெருக்கத்தில் அது பீரங்கியில் படாமலேயே போய்விடும். ஆனால் ஒரு நெடுவரிசையில் அடியில் இருப்பவன் செத்ததும் அவனுக்கு மேலே உள்ளவன் சுடத் தொடங்குவான். அவன் குண்டு படும். எனவே ஒரு நெடுவரிசையைத் தொட்டால் அடியிலிருந்து நுனிவரை விடாமல் தீர்த்துவிடுங்கள். இலக்கு அருகில் இருப்பதால் மளமளவென்று சுடலாம். சுவரைத் தொட்டு இன்னும் ஒரு படி இறங்கினால், கையில் எத்தனை உயிர் இருந்தாலும் ஆட்டம் அதோடு சரி.

கடைசி ஏலியன் தனியாக மிஞ்சும்போது வலப்பக்கம் 3 பிக்சல், இடப்பக்கம் 2 பிக்சல் வீதம் ஓடும். வலப்பக்கம் விரட்டாமல், இடப்பக்கம் திரும்பியதும் அடியுங்கள். அடுத்த சுற்றில் படை இன்னும் தாழ்வான இடத்திலிருந்து தொடங்கும். எண்ணிக்கையை மறுபடி 1-இலிருந்து ஆரம்பியுங்கள்.