ஊசியிலை மரத்துக்கு ரோஸ்மேரிக் காவல்

பெங்களூரில் வீடு கட்டியவர்கள் பலர் வாசலில் ஒரு கிறிஸ்துமஸ் மரமோ இரண்டு தூஜாவோ வைத்துவிடுகிறார்கள். இவை போன்ற ஊசியிலை மரங்களுக்குப் பட்டை வண்டு பொல்லாத எதிரி. அரிசி மணி அளவுதான் இருக்கும். பட்டைக்கு அடியில் சுரங்கம் போட்டு, மரத்தின் உணவுப் பாதையை அறுத்துவிடும்.

பிசினில் உள்ள ஆல்ஃபா பைனீன் வாசனையை முகர்ந்துதான் பல வண்டுகள் மரத்தைத் தேடி வருகின்றன. மரத்தில் கூட்டம் சேர்ந்துவிட்டால் வெர்பினோன் என்ற மணம் எழும். ஹவுஸ்ஃபுல் பலகையைக் கண்டவை போல, பின்னால் வருபவை திரும்பிவிடும். வட அமெரிக்கக் காடுகளில் இதைச் சிறு பைகளில் அடைத்து மரத்தில் மாட்டுகிறார்கள். ரோஸ்மேரி என்ற வாசனைச் செடியின் வகைகள் பலவற்றிலும் வெர்பினோன் உண்டு. அதனால் வீட்டு மரத்தில் ரோஸ்மேரிப் பை கட்டிப் பார்க்கலாம்.

முதலில் அடிமரத்தைப் பாருங்கள். குண்டூசித் தலை அளவு ஓட்டை, பிசின் கசிவு, காபிப் பொடி போன்ற மரத்தூள் தெரிகிறதா? தூரைச் சுற்றித் துடைத்துவிட்டு மறுநாள் காலையில் மீண்டும் பாருங்கள். புதுத் தூள் விழுந்திருந்தால் வண்டு உள்ளே இருக்கிறது; இனி எந்த வாசனையும் அதை வெளியே துரத்தாது.

அடுத்தது தண்ணீர். என்னைக் கேட்டால் வாசனையைவிட இதுதான் முக்கியம். மார்ச், ஏப்ரல் வெயிலில் வேர் காய்ந்தால் பிசின் ஊறாது. வண்டை வெளியே தள்ளுவதே அந்தப் பிசின்தான். தொட்டிக்கு அடியில் தட்டு வைத்துத் தண்ணீர் தேக்குவதும் ஆகாது. மூச்சு முட்டிய வேர் எத்தனாலை வெளியிடும். துளைக்கும் வண்டுகளில் சில அந்த வாடைக்கே வரும்.

இனி பை. சித்தாபுரம் நர்சரிகளில் ரோஸ்மேரிச் செடி வாங்கலாம். ஒரு கைப்பிடி இலையை அம்மியில் லேசாக நசுக்கி, மெல்லிய பருத்தித் துணியில் முடியுங்கள். கூடவே கொய்யா இலையைக் கசக்கிப் போடலாம்: புல் வெட்டும்போது எழும் பச்சை வாசம், 'இது ஊசியிலை மரமல்ல' என்று வண்டைக் குழப்பும். உயரமான மரமென்றால் தலைமட்டத்தில், நிழல் விழும் பக்கமாகக் கட்டுங்கள். மணம் குறைந்ததும் மாற்றுங்கள். காட்டில் மாட்டும் பையின் வீரியத்தை இதில் எதிர்பார்க்காதீர்கள்.

ரோஸ்மேரி எண்ணெயை நேராகப் பட்டையில் பூச வேண்டாம். டர்பன்டைனைக் கிட்டவே கொண்டுபோகாதீர்கள். அது பைன் பிசினிலிருந்து வடித்தது, வண்டுப் பொறிகளில் இரையாக வைப்பது. கிளை கழித்தால் அன்றைக்கே அப்புறப்படுத்துங்கள், புது வெட்டில் கசியும் பிசின் வாசமும் அழைப்புதான்.