அவசர மார்பு அறுவை: ஒரு நுரையீரலைத் தனியே பிரிப்பது எப்படி?

மயக்கவியல் பயிற்சியில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கான குறிப்பு இது. முதலில் மூச்சுப்பாதை, அப்புறம்தான் நுரையீரலைப் பிரிப்பது. வாய் முழுக்க ரத்தம், கழுத்து முதுகெலும்பில் காயம் என்ற சந்தேகம் என்றால் டபுள் லுமன் டியூபுக்காக (இரண்டு நுரையீரலுக்கும் தனித்தனி வழி உள்ள குழாய்) பிடிவாதம் பிடிக்காதீர்கள். 8 எண் சாதாரண டியூபைப் போட்டு, அதன் வழியே பிராங்கியல் பிளாக்கரை (ஒரு பக்கக் கிளையை அடைக்கும் பலூன் குழாய்) இறக்குங்கள். டென்ஷன் நியூமோதோராக்ஸ் (நுரையீரலைச் சுற்றி அழுத்தத்தோடு காற்று சேர்ந்து நிற்பது) இருந்தால் அழுத்தக் காற்று கொடுக்கும் முன்பே அந்தக் காற்றை வெளியேற்றியாக வேண்டும்.

1. டபுள் லுமன் டியூப் போடுவதானால், பெரும்பாலும் இடது கிளைக்குள் போகும் இடது டியூபே போதும். வலது மேல் மடலின் கிளை, மூச்சுக்குழாய் பிரியும் இடத்துக்கு 2 செ.மீ.க்குள்ளேயே கிளம்பிவிடும், வலது டியூப் அதை எளிதில் அடைத்துவிடும். இடப்பக்கம் சுமார் 5 செ.மீ. இடம் உண்டு. பெண்களுக்கு 35 அல்லது 37 பிரெஞ்ச் (டியூபின் தடிமன் அளவு), ஆண்களுக்கு 39 அல்லது 41.

2. வயிறு நிறைந்திருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். சக்‌ஷன் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். 100% ஆக்சிஜன் கொடுத்தபின், தசைகளைத் தளர்த்தும் ரோகுரோனியம் கிலோவுக்கு 1.2 மி.கி.

3. டியூப் முனையிலுள்ள நீலக் கஃப் (கிளைக்குள் ஊதும் பலூன்) குரல்நாண்களைத் தாண்டியதும் ஸ்டைலெட்டை (டியூபுக்குள் இருக்கும் கம்பி) உருவி, டியூபை இடப்பக்கமாக 90 பாகை திருப்பி இறக்குங்கள். 170 செ.மீ. உயரமானவருக்குப் பல்லருகே சுமார் 29 செ.மீ.; உயரம் 10 செ.மீ. கூடினால் குறைந்தால் ஆழமும் 1 செ.மீ. மாறும். தடை தட்டினால் தள்ளாதீர்கள், மூச்சுக்குழாய் கிழியும்.

4. ஸ்டெதஸ்கோப்பை மட்டும் நம்ப வேண்டாம். டியூபின் டிரக்கியல் வழியே (மூச்சுக்குழாயில் திறக்கும் வழி) பிராங்கோஸ்கோப்பை (உள்ளே பார்க்கும் குழாய்) விடுங்கள். மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் முனை தெரிய வேண்டும். அதற்குச் சற்றுக் கீழே, இடது கிளைக்குள் நீலக் கஃபின் விளிம்பு. வலப்பக்கம் மேல் மடலின் மூன்று வாய்களும் தெரிந்தால் திசை சரி. நீலமே தெரியாவிட்டால் டியூப் ஆழமாகப் போயிருக்கலாம், வலப்பக்கமே போயிருக்கவும் கூடும். இந்தக் கஃபுக்கு 3 மி.லி.க்கு மேல் காற்று கேட்கிறதென்றால் டியூபின் அளவையோ இடத்தையோ சந்தேகியுங்கள்.

5. நோயாளியைப் பக்கவாட்டில் திருப்பியதும் மறுபடி ஸ்கோப். கழுத்து அசைந்தாலே டியூப் நகரும். இந்த ஒரு நிமிடத்தை மிச்சம் பிடித்தவர்கள்தான் பிறகு அறுவை நடுவில் துணிக்கடியில் தலையை நுழைத்துத் தேடுவார்கள்.

6. ஒரு நுரையீரலுக்கு மூச்சளவு, உயரத்தை வைத்துக் கணக்கிட்ட எடையில் கிலோவுக்கு 4 முதல் 6 மி.லி. ஆக்சிஜன் அளவு சரிந்தால்: 100% ஆக்சிஜன், ஸ்கோப்பால் இடம் பார்ப்பது, ரத்தத்தையும் சளியையும் உறிஞ்சுவது. பிறகு கீழே படிந்த, காற்று போகும் நுரையீரலை விரித்து பீப் (மூச்சு விட்ட பின்னும் நுரையீரலில் நிற்கும் அழுத்தம்) 5 செ.மீ. நீர் அழுத்தம்; ரத்த அழுத்தம் தாழ்ந்திருந்தால் பீப்பைப் பார்த்து ஏற்றுங்கள். மேலே இருக்கும், காற்று நிறுத்திய நுரையீரலுக்கு சீபாப் (தொடர்ந்த மெல்லிய அழுத்தத்தில் ஆக்சிஜன்) கொடுக்கலாம். வேகமாகச் சரிந்தால் யோசிக்காதீர்கள்: அறுவை மருத்துவரிடம் சொல்லிவிட்டு இரண்டு நுரையீரலுக்கும் காற்றைத் திறந்துவிடுங்கள்.

7. அறுவைக்குப் பின் வென்டிலேட்டர் தொடருமானால் சாதாரண டியூபுக்கு மாற்றுவது வழக்கம். முகமும் தொண்டையும் வீங்கியிருந்தால் எக்ஸ்சேஞ்ச் கதீட்டரும் (பழைய டியூபுக்குள் விட்டு, அதன் மேலேயே புதியதை இறக்க உதவும் நீள் குழாய்) வீடியோ லாரிங்கோஸ்கோப்பும் கையில் இல்லாமல் பழைய டியூபை உருவாதீர்கள்.