காபித் தோலும் அடுக்களைக் கழிவும் எருவாக

கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கத்துத் தோட்டங்களில் பழம் பறிக்கும் பருவம் வந்தால், தோலுரிக்கும் இயந்திரமான பல்ப்பரில் போடும் 100 கிலோ காபிப் பழத்தில் ஏறக்குறைய 40 கிலோ தோலாகவே வெளியேறும். அதை ஓடையோரத்தில் கொட்டுவது பெரும் தவறு. தண்ணீரில் அழுகும் தோல் அதிலுள்ள பிராணவாயுவைத் தீர்த்து, கீழே குடியிருப்போரின் குடிநீரைக் கெடுப்பதோடு, செடி மண்ணிலிருந்து எடுத்த சாம்பல் சத்தையும் (பொட்டாஷ்) கொண்டுபோய்விடுகிறது.

ஓடையிலிருந்து தள்ளி, தண்ணீர் தேங்காத மேட்டில் குச்சிகளைப் பரப்பி, அரை அடி தோல், அதன்மேல் அரை அடி காய்ந்த சருகு என்று மாற்றி மாற்றி அடுக்கி, ஒவ்வோர் அடுக்கிலும் சாணக் கரைசல் தெளிக்க வேண்டும். நிழல் மரமான சில்வர் ஓக்கின் சருகு எளிதில் மக்காது. மாட்டுக்கொட்டிலில் சில நாள் மிதிபட்டு மூத்திரத்தில் ஊறியபின் சேர்ப்பதே நல்லது. காய்கறித் தோல், டீத்தூள் சக்கை போன்ற அடுக்களைக் கழிவைக் குவியலின் நடுவில் புதைக்க வேண்டும். எலும்பும் மீன் கழிவும் கூடவே கூடாது, ஏனெனில் அந்த வாடைக்குக் காட்டுப்பன்றி வந்து ஒரே இரவில் குவியலைக் கிளறிவிடும். 5 அடி அகலமும் 4 அடி உயரமும் இல்லாத குவியல் மலைக்குளிரில் சூடேறாது.

பல குவியல்கள் கெட்டுப்போவது ஈரத்தால்தான். உள்ளிருந்து ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் விரலிடுக்கில் ஓரிரு சொட்டு மட்டும் கசிய வேண்டும். ஒழுகினால் சருகு போதவில்லை, கையில் உதிர்ந்தால் தண்ணீர் போதவில்லை. பறிப்புக் காலத்திலேயே வடகிழக்குப் பருவமழையும் பெய்வதால், மேலே தார்ப்பாய் போட்டுப் பக்கங்களைக் காற்றுக்குத் திறந்துவிட வேண்டும்.

ஒரு வாரம் கழித்து, நடுவில் செருகிய இரும்புக் கம்பியை உருவித் தொட்டால் கை பொறுக்காத சூடு இருக்க வேண்டும். களை விதையும் நோய்க்கிருமியும் சாக 55 டிகிரிக்கு மேல் சூடு தேவை. வெளிப்புறத்தில் கிடப்பதற்கும் அந்தச் சூடு கிடைக்க, 15 நாளுக்கு ஒருமுறை ஓரத்தில் உள்ளது நடுவுக்கு வரும்படி புரட்ட வேண்டும். புளித்த நாற்றம் அடித்தால் உடனே புரட்டிச் சருகு சேர்க்க வேண்டும். மலை மண் புளிப்பானது என்பதற்காகக் குவியலில் சுண்ணாம்பு தூவினால், தழைச்சத்து (நைட்ரஜன்) அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும். சுண்ணாம்பை மண்ணுக்குத் தனியாக இடுவதே முறை.

நான்கு மாதம் போல் ஆனதும் சூடு தணிந்து, தோலின் உருவம் மறைந்து, கருமையாகி, மழை நனைத்த மண்ணின் வாசம் வரும். அந்த எருவைச் செடியின் தண்டை ஒட்டாமல், கிளை விரிந்த வட்டத்துக்குள் பரப்பி, வெயில் படாதபடி சருகால் மூடிவிட வேண்டும்.