சைக்ளின் பி1 அழிக்கப்படுவதை ஆய்வகத்தில் உறுதிசெய்வது எப்படி?

வெஸ்டர்ன் பிளாட்டில் (குறிப்பிட்ட புரதத்தைப் பட்டையாகக் காட்டும் சோதனை) பட்டை மங்கியதுமே "புரோட்டியசோம் தின்றுவிட்டது" என்று எழுதிவிடாதீர்கள் (புரோட்டியசோம் என்பது செல்லுக்குள் புரதங்களை அழிக்கும் இயந்திரம்). புதிதாக உற்பத்தியாவது நின்றாலும் பட்டை மங்கத்தான் செய்யும். செல் பிரிதலை நடத்தும் புரதமான சைக்ளின் பி1-ஐ வைத்தே வழியைச் சொல்கிறேன்.

ஹீலா செல்களை (ஆய்வகத்தில் வளர்க்கும் மனிதச் செல்கள்) முதலில் மைட்டோசிஸில், அதாவது செல் பிரியும் கட்டத்தில், நிறுத்த வேண்டும். அதற்கு நோகோடசோல் என்ற மருந்து, மில்லிலிட்டருக்கு 100 நானோகிராம், இரவு முழுக்க. நுண்குழல்கள் கலைந்துபோவதால் குரோமோசோம்களைப் பிடித்து இழுக்க எதுவும் இருக்காது, அதைக் கண்டு செல்லின் சோதனைச்சாவடி (கோளாறு இருந்தால் பிரிதலை நிறுத்திவைக்கும் ஏற்பாடு) சிடிசி20 என்ற புரதத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அது இல்லாமல் ஏபிசி/சி என்ற ஈ3 நொதியால் சைக்ளின் பி1 மேல் யுபிக்விட்டினை (புரோட்டியசோமுக்கு அனுப்புவதற்கான சிறு புரத முத்திரை) ஏற்ற முடியாது. உருண்டு நிற்கும் செல்களைத் தட்டி எடுத்து, மருந்தைக் கழுவிவிட்டு, 20 நிமிடத்துக்கு ஒருமுறை மாதிரி எடுங்கள். ஒன்றிரண்டு மணி நேரத்தில் பட்டை சரியும். சைக்ளின் ஏ-வை இப்படித் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம், அது சாவடியைச் சட்டை செய்யாமல் முன்னமே போய்விடும்.

கழுவிய கையோடு ஒரு தட்டில் புரோட்டியசோமை அடைக்கும் எம்ஜி132 மருந்து, 10 மைக்ரோமோலார். அதில் பட்டை சரியாமல் நின்றால் சரி. ஆனால் புரோட்டியசோமை அடைத்தால் சைக்ளின் பி1, செக்யூரின் (குரோமோசோம்கள் பிரிவதைத் தடுத்துவைக்கும் புரதம்) இரண்டும் தேங்கி, செல் மெட்டாஃபேஸை, அதாவது குரோமோசோம்கள் நடுவில் வரிசையாக நிற்கும் கட்டத்தை, தாண்டாது. ஜி1-இல் (பிரிதல் முடிந்ததும் வரும் கட்டம்) அழிய வேண்டிய வேறொரு புரதத்தைப் பார்க்கிறீர்கள் என்றால், அது நிலைத்திருப்பதற்குச் செல் அங்கே போய்ச் சேராததே காரணமாக இருக்கலாம். அப்படிப்பட்டவற்றுக்கு, செல் ஜி1-க்குள் வந்த பிறகே எம்ஜி132 போடுங்கள்.

யுபிக்விட்டின் ஏறியிருப்பதை நேரில் பார்க்க, ஹிஸ்டிடின் வால் வைத்த யுபிக்விட்டினைச் செல்லில் வெளிப்படுத்தி, எம்ஜி132 போட்ட செல்களை 8 மோலார் யூரியாவில் உடைத்து, நிக்கல் மணிகளில் பிடியுங்கள். யூரியாவில் சும்மா ஒட்டிக்கொண்டிருந்தவை கழன்றுவிடும். சாதாரண பஃபர்தான் என்றால் என்இஎம் கட்டாயம், இல்லாவிட்டால் யுபிக்விட்டினைக் கழற்றும் நொதிகளான டியூபிக்விட்டினேஸ்கள் குழாய்க்குள்ளேயே சங்கிலியை வெட்டித் தள்ளிவிடும். ஒரு யுபிக்விட்டின் சுமார் 8.5 கிலோடால்டன், அதனால் பட்டைக்கு மேலே படிப்படியாக ஏணி தெரிய வேண்டும், பெரும்பாலும் உச்சியில் வெறும் புகைமூட்டம்தான் கிடைக்கும்.

அப்புறம் டி-பாக்ஸ், அதாவது ஏபிசி/சி அடையாளம் காணும் சிறு அமினோ அமில வரிசை. சைக்ளின் பி1-இன் 42-ஆவது ஆர்ஜினினையும் 45-ஆவது லூசினையும் அலனினாக மாற்றி, இயல்பான புரதத்தோடு பக்கத்தில் வைத்து ஓட்டுங்கள். இயல்பானது சரிய, மாற்றியது நிற்க வேண்டும். மாற்றியதைக் கொஞ்சமாகவே வெளிப்படுத்துங்கள், அளவு கூடினால் செல் மைட்டோசிஸை விட்டே வெளியே வராது, அப்போது எதை ஒப்பிடுவது?